புதுப்பட்டிப் பெரியம்மாவின் மூட்டுவலி

ஸ்ரீவில்லிபுத்தூர்
11-3-2024

என் அன்புத் தம்பி எட்வினுக்கு,

அக்கா ஏசம்மாள் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நான் நலம். உன் அத்தான் பாதி நலம். மறுபாதி மாவுக்கட்டுக்குள் இருக்கிறது. குளியலறையில் வழுக்கி விழுந்து இன்றோடு பதினோரு நாள். நீயும் எலினாவும் எப்படி இருக்கிறீர்கள்?

ராஜபாளையத்துக்கும் இங்கேயும் பன்னிரண்டு கிலோமீட்டர். இந்தத் தூரத்துக்குத் தபால்தலை ஒட்டுகிற குடும்பம் ஜில்லாவிலேயே நம்முடையதாகத்தான் இருக்கும். என்ன செய்ய? உன் போன் இரண்டு மாதமாக அணைந்து கிடக்கிறது. அதை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டாய் என்று உன் பெண்டாட்டி எலினா சொல்கிறாள். அவள் போனில் கூப்பிட்டால் குளிக்கிறாய் என்கிறாள். ஒரு மனிதன் ஒரு நாளில் நாலு தடவையா குளிப்பான்? நேரில் வரலாமென்றால் அத்தானை விட்டு நகர முடியவில்லை.

காசிராஜன் போனதிலிருந்துதான் இப்படி. ஒரே பட்டாலியனில் பதினெட்டு வருடம் உன்னோடு உண்டு உறங்கியவன், ஓய்வுபெற்று ஊருக்கு வந்து தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டால் யாருக்குத்தான் தாங்கும்? ஜனவரியில் செட்டியார்பட்டியில் அந்தச் சாவு வீட்டில் நீ அழவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பட்டாளத்தில் நீ இருந்த இருபத்துநாலு வருடமும் நாம் கடிதத்தில்தானே அக்கா தம்பியாக இருந்தோம். அதே வழக்கம் இருக்கட்டும். பதில் வராவிட்டால் அத்தானை மாவுக்கட்டோடு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவேன். முப்பது வருடம் பெண்பிள்ளைகளை மைதானத்தில் ஓடவிட்ட பி.டி. டீச்சர் நான், சொன்னால் செய்வேன்.

உன் கையெழுத்தைப் பார்க்கக் காத்திருக்கும்
அக்கா ஏசம்மாள்

&nbsp;

ராஜபாளையம்
20-3-2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு அனைவரும் நலம். அத்தானின் கால் சீக்கிரம் குணமாக வேண்டும்.

வங்கியில் காவல் வேலை பிப்ரவரியோடு முடிந்தது. இனி கேமராவே போதும் என்று சொல்லிவிட்டார்கள். வேறு வேலை பார்க்கலாம். அவசரம் இல்லை.

தேர்தல் அறிவித்துவிட்டதால் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். நானும் நேற்றுக் கொடுத்துவிட்டு ரசீது வாங்கி வந்தேன். அந்த வேலைக்காக வாங்கிய துப்பாக்கி. இப்போது வேலையும் இல்லை, அதுவும் இல்லை.

காசிராஜனைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

வெயில் கூடுதலாக இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு
தம்பி எட்வின்

&nbsp;

ஸ்ரீவில்லிபுத்தூர்
26-3-2024

அன்புத் தம்பிக்கு,

இங்கு சுகம். அங்கும் சுகம் என்று எழுதியிருக்கிறாய், நம்பிக்கொள்கிறேன். அத்தான் கட்டிலில் படுத்தபடியே கோயில் கமிட்டியைத் திட்டுகிற அளவுக்குத் தேறிவிட்டார்.

உன் கடிதத்தைக் கடிதம் என்று சொல்வதா, தந்தி என்று சொல்வதா? வேலை போனதை ஒரு மாதம் கழித்து அக்காவிடம் சொல்கிறாய். சொன்னால் கோபிப்பாய் என்று எலினாவும் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். காசிராஜனைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை என்பதற்கு மட்டும் தனியாக ஒரு வரி செலவழித்திருக்கிறாய்.

சுந்தரபாண்டியன் அத்தானின் காலைப் பார்க்க வந்தான். சுபேதாராக ஓய்வுபெற்ற உங்கள் பட்டாலியன்காரன்தான், தெரியாதா உனக்கு. சனிக்கிழமைதோறும் முன்னாள் ராணுவத்தார் பத்துப் பதினைந்து பேர் அவன் வீட்டு மாடியில் கூடுகிறார்களாம். உன்னைப் பலமுறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அலுத்துப்போயிருக்கிறான். ஒரு தடவை வந்து உட்கார்ந்துவிட்டுப் போகச் சொல் என்றான். சொல்லிவிட்டேன்.

வருகிற ஞாயிறு ஈஸ்டர். இருவரும் வாருங்கள். கறி எடுக்க ஆள் இல்லை. நீதான் எடுக்க வேண்டும்.

அன்புடன்
அக்கா

&nbsp;

ராஜபாளையம்
22-4-2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு அனைவரும் நலம். ஈஸ்டருக்கு வர முடியவில்லை. மன்னிக்கவும்.

இந்தப் பதிவுத் தபாலில் என் டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் உத்தரவு, வீட்டுப் பத்திரத்தின் நகல் எல்லாம் வைத்திருக்கிறேன். எலினாவுக்கு இந்தக் காகிதமெல்லாம் புரியாது. எது எந்த அலுவலகத்துக்கு என்று தனித்தாளில் எழுதியிருக்கிறேன். உன்னிடம் இருந்தால் பத்திரமாக இருக்கும்.

ஓட்டுப் போட்டுவிட்டேன். அத்தானுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு
எட்வின்

&nbsp;

ஸ்ரீவில்லிபுத்தூர்
30-4-2024

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். மாவுக்கட்டை அடுத்த வாரம் உடைக்கிறார்கள். அன்றைக்கு அத்தான் ஸ்வீட் கொடுக்கப்போவதாகத் தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

காகிதங்கள் வந்து சேர்ந்தன. சின்ன வயதில் ஹால் டிக்கெட்டைத் தொலைத்துவிட்டுப் பரீட்சை மண்டப வாசலில் நின்று அழுத எட்வினா இவ்வளவு ஒழுங்காக அடுக்கி அனுப்பியிருப்பது என்று அத்தானிடம் காட்டிப் பெருமைப்பட்டேன். வேலை இல்லாத நேரத்தை உருப்படியாகச் செலவழிக்கிறாய். எனக்கு மனசு லேசாகிவிட்டது. பீரோவில் என் நகைக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

சுந்தரபாண்டியன் மறுபடி கேட்டான். போ.

அன்புடன்
அக்கா

&nbsp;

ராஜபாளையம்
5-6-2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் கடிதத்துக்கு ஒரு மாதமாகப் பதில் எழுதாததற்குக் காரணம் ஒன்றும் இல்லை.

தேர்தல் முடிவு வந்துவிட்டது. ரசீதைக் காட்டினால் துப்பாக்கியை அடுத்த வாரம் திருப்பிக் கொடுப்பார்களாம். புதன்கிழமை போய் வாங்கி வரலாம் என்று இருக்கிறேன்.

எலினா என்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள். அவள்மேல் சொல்ல ஒரு குறையும் இல்லை. இதை நீ நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

புதுப்பட்டிப் பெரியம்மாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது?

இப்படிக்கு
தம்பி எட்வின்

&nbsp;

ஸ்ரீவில்லிபுத்தூர்
7-6-2024

அன்புத் தம்பிக்கு,

இங்கு சுகம். அத்தான் கைத்தடியோடு தெருமுனை வரை போய்வருகிறார்.

உன் கடிதத்தை வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். ஏலே, புதுப்பட்டிப் பெரியம்மா செத்து இருபத்தேழு வருடம் ஆகிறது. நீதானே லீவில் வந்து சவப்பெட்டி தூக்கினாய்! நாற்பத்தேழு வயதிலேயே இவ்வளவு மறதியா? எலினாவிடம் சொல்லித் தினமும் நாலு பாதாம் பருப்பு ஊறவைத்துத் தரச் சொல். பெரியம்மாவுக்கு அங்கே மூட்டுவலி எல்லாம் போயிருக்கும்.

எலினாவைப் புகழ்ந்து எழுதியதை அவளிடமே வாசித்துக்காட்டினால் சந்தோஷப்படுவாளே.

அன்புடன்
அக்கா

&nbsp;

ஸ்ரீவில்லிபுத்தூர்
14-6-2024

எட்வினுக்கு,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். நாலு நாள் உன் வீட்டில் இருந்துவிட்டு நேற்றுத்தான் வந்தேன். ஆனாலும் எழுதுகிறேன். பேசியதை நாளைக்கு நீ இல்லையென்று சொல்லலாம். நான் மறந்துபோகலாம்; மறக்கக்கூடியவள்தான் என்று தெரிந்துவிட்டதே. காகிதத்தில் இருந்தால் இருவருக்கும் நல்லது.

முதலில் என் குற்றம். 1999-ல் நீ எல்லையில் மலைமேல் இருந்தபோது நாம் பேசி வைத்துக்கொண்டது அந்த மூட்டுவலிக் குறிப்பு. கடிதங்களைப் பார்த்து அனுப்புகிற அதிகாரிக்கும் தெரியக்கூடாது, அம்மாவுக்கும் தெரியக்கூடாது. நிலைமை மோசம், பயமாக இருக்கிறது என்றால் செத்துப்போன பெரியம்மாவின் மூட்டுவலியைக் கேட்பாய். அம்மாவுக்குக் கடிதத்தை வாசிக்கும்போது அந்த வரியை மட்டும் நான் தாண்டிவிடுவேன். ‘தைலம் வாங்கியாச்சு’ என்று பதில் எழுதிவிட்டு நாள்முழுக்க ஜெபத்தில் இருப்பேன். இருபத்துநாலு வருடத்தில் மூன்றே தடவை கேட்டாய். அம்மா போனபிறகு அந்தப் பேச்சே நின்றுவிட்டது. நாலாவது தடவை கேட்டபோது நான் பாதாம் பருப்பு சாப்பிடச் சொல்லி எழுதிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் ஜெப விண்ணப்பங்களை வாசித்தார். மூட்டுவலியால் அவதிப்படும் ஒரு சகோதரிக்காக என்றார். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. ஒழுங்காக அடுக்கி அனுப்பிய காகிதம், எலினாவைப் பற்றிய அந்த வரி, புதன்கிழமை ஸ்டேஷனுக்குப் போவது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. பெருமைப்பட்டேனே, மடச்சி. வேதப்புத்தகத்தைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டு எழுந்தேன். ‘ஏட்டி, எங்க போற?’ என்று அத்தான் சபை நடுவே கேட்டார். பதில் சொல்லாமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். ஐம்பத்துநாலு வயதில் அப்படி ஓடுவேன் என்று எனக்கே தெரியாது.

நீ கொல்லையில் உட்கார்ந்திருந்தாய். என் கேலிக் கடிதம் உன் சட்டைப்பையில் இருந்தது. எலினாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டேன். ‘நேராக் கேக்கேன். சாகணும்னு நெனைக்கியாலே?’ எலினா பதறிப்போய், அதை வாயால் சொல்லாதீர்கள் மதினி என்றாள். வாயால் சொல்லாமல்தான் இவ்வளவு தூரம் வந்துவிட்டது என்றேன்.

‘ஆமாக்கா’ என்றாய். ‘ரெண்டு மாசமா அதே நெனப்புதான்.’

அதற்குப் பிறகுதான் போன் ஏன் டிராயருக்குள் போனது என்று சொன்னாய். காசிராஜன் கடைசி நாளன்று மத்தியானம் உன்னைக் கூப்பிட்டிருக்கிறான். நீ வங்கி வாசலில் டியூட்டியில் இருந்தாய். முடிந்தபிறகு பேசலாம் என்று விட்டாய், அப்புறம் மறந்தாய். ‘எடுத்திருந்தா அவன் இருந்திருப்பான்ல’ என்றாய். இந்த ஒன்றை ஐந்து மாதம் தனியாகச் சுமந்திருக்கிறாய்.

நான் சொன்னது இங்கே எழுத்தில் இருக்கட்டும்: ‘ஒரு போன எடுக்காததுக்கு நீ சாகணும்னா, ஒன் கடுதாசிய வாசிச்சிட்டுச் சிரிச்சதுக்கு நான் என்னலே பண்ணணும்?’

என் முகத்தைப் பார்த்தாய். பிறகு அழுதாய். ஜனவரியில் வந்திருக்க வேண்டிய அழுகை.

இனி நடக்க வேண்டியது. துப்பாக்கி ஸ்டேஷனிலேயே இருக்கும். லைசென்ஸே வேண்டாம் என்று நாம் மூவரும் புதன்கிழமை போய் எழுதிக் கொடுத்துவிட்டோம். உத்தரவு வரும்வரை ரசீது என் கையில். பட்டாளத்தில் லீவுக்குக் கிளம்பும்போது ஆயுதத்தை ஒப்படைத்துவிட்டு வருவதில்லையா, அப்படி நினைத்துக்கொள்கிறேன் என்று நீயே சொன்னாய். பெரியாஸ்பத்திரி மனநல டாக்டர் கொடுத்த மாத்திரையை எலினா தருவாள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை போக வேண்டும். அந்த நினைப்பு வந்தால் முதலில் எலினாவை எழுப்பு. அவள் இல்லையென்றால் நான். நானும் இல்லையென்றால் சுந்தரபாண்டியன். யாரும் கிடைக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை எலினாவின் போனில் நாம் கூப்பிட்டோமே, அந்த மனநல உதவி எண் 14416. எந்த நேரத்திலும் எடுப்பார்கள். அந்தப் பெண்பிள்ளை உன்னோடு நாற்பது நிமிடம் பேசியது. நீ அக்காவோடு ஐந்து மாதத்தில் அவ்வளவு பேசவில்லை. இந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள். முந்தினதைக் கிழித்துப் போடு.

தைலம் வாங்கியாச்சு.

நலமா என்று இப்போது கேட்கிறேன். உண்மையை எழுது.

அக்கா

&nbsp;

ராஜபாளையம்
3-7-2024

அன்புள்ள அக்காவுக்கு,

எலினா நலம். நான் நலம் என்று இன்னும் எழுத முடியவில்லை. போன மாதத்தைவிடப் பரவாயில்லை. மாத்திரை முதல் வாரம் தலையைச் சுற்ற வைத்தது. டாக்டரிடம் சொன்னேன், மாற்றிக் கொடுத்தார். சாப்பாட்டில் ருசி தெரிகிறது. எலினாவின் குழம்பில் உப்புக் கூடுதல் என்று சொன்னேன். அவள் சந்தோஷத்தில் அழுதாள்.

மூன்று சனிக்கிழமையும் சுந்தரபாண்டியன் அண்ணன் வீட்டு மாடிக்குப் போனேன். முதல் நாள் பேசவில்லை. அங்கே யாரும் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. சீட்டு ஆடுகிறார்கள், டீ குடிக்கிறார்கள், நடுவில் ஒருவர் திடீரென்று தனக்குத் தூக்கமே வருவதில்லை என்கிறார். மற்றவர்கள் சீட்டைக் கவிழ்த்துவிட்டுக் கேட்கிறார்கள். எனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன் அக்கா. தங்களுக்கும் அப்படித்தான் என்று அங்கே ஆறு பேர் கை தூக்கினார்கள்.

பட்டாளத்து ரோல்கால்போல அவர்களுக்கும் ஒன்று உண்டு. தினமும் காலை ஆறு மணிக்கு ஒருவர் மற்ற எல்லோரையும் போனில் கூப்பிட்டு ஆஜரா என்று கேட்கிறார். மாதம் ஒருவர் முறை. எலினாவின் போனில் நானும் ஆஜர் சொல்கிறேன். என் போனைத் தொட இன்னும் கை வரவில்லை.

நேற்று ஒரு காரியம் செய்தேன். செட்டியார்பட்டிக்குப் போய்க் காசிராஜன் மனைவி பாண்டிசெல்வியைப் பார்த்து, அவன் கூப்பிட்டதையும் நான் எடுக்காததையும் சொல்லிவிட்டேன். திட்டினால் வாங்கிக்கொள்வது என்றுதான் போனேன். தண்ணீர் கொடுத்துவிட்டு அந்தப் பிள்ளை சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

‘அன்னைக்கு மத்தியானம் எனக்கும்தாண்ணே பண்ணுனாரு. நான் எடுத்தேன். என்ன கொழம்புன்னு கேட்டாரு, சொன்னேன், வச்சிட்டாரு. எடுத்த எனக்கே ஒண்ணும் தெரியலயே. எடுக்காத ஒங்களுக்கு எப்படித் தெரியும்?’

அந்த வீட்டில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. அவளிடமும் இத்தனை மாதம் யாரும் அதைப் பேசவில்லையாம். சனிக்கிழமை எலினாவோடு அண்ணன் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

உன் கடிதம் சட்டைப்பையில் இருக்கிறது. துவைக்கும்போது எலினா எடுத்து வைக்கிறாள்.

தம்பி எட்வின்

&nbsp;

ஸ்ரீவில்லிபுத்தூர்
10-7-2024

அன்புத் தம்பிக்கு,

நான் நலம், அத்தான் நலம், உன் கடிதத்தை வாசித்தபிறகு கூடுதல் நலம். ‘நலம் என்று எழுத முடியவில்லை’ என்று எழுதியிருக்கிறாயே, முப்பது வருடத்தில் நீ எனக்கு எழுதிய நல்ல வரி அதுதான்.

சனிக்கிழமை பாண்டிசெல்வி வந்தாள், நானும் போயிருந்தேனே. பெண்கள் நாங்கள் கீழே சமையலறையில் உட்கார்ந்துகொண்டோம். பட்டாளத்துக்காரர்களின் மனைவிமார் பேச ஆரம்பித்தால் மாடியில் நீங்கள் ஆடுகிற சீட்டெல்லாம் எம்மாத்திரம்! எலினா உன்னைப் பற்றி நிறையச் சொன்னாள். எழுத மாட்டேன்.

போனைத் தொட அவசரமில்லை. ஆனால் சார்ஜாவது போட்டு வை. டிராயரில் கிடந்து வீங்கி வெடித்துவிடப்போகிறது.

ரசீது என் ஜெபப் புத்தகத்துக்குள் இருக்கிறது. கேட்டாலும் தர மாட்டேன்.

அன்புடன்
அக்கா

&nbsp;

ராஜபாளையம்
25-11-2024

அன்புள்ள அக்காவுக்கு,

சனிக்கிழமைதோறும் பார்த்துக்கொள்கிறோம், இருந்தும் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. நான் நலம். இதை வாசித்துவிட்டு நீ நம்பலாம்.

லைசென்ஸை ரத்துசெய்த உத்தரவு வந்துவிட்டது. உன் ஜெபப் புத்தகத்திலிருந்து ரசீதை எடுத்துக்கொடு. ஸ்டேஷனில் காட்டிக் கணக்கை முடிக்க வேண்டும். சுவரில் துப்பாக்கி மாட்டியிருந்த ஆணியில் எலினா காலண்டர் மாட்டிவிட்டாள்.

இந்த மாதம் ரோல்கால் என் முறை. முறை வருகிறது என்று அண்ணன் சொன்னதும் டிராயரைத் திறந்தேன். போனைப் போட்டதும் காசிராஜனின் தவறிய அழைப்புத்தான் முதலில் தெரிந்தது. அதை அழிக்கவில்லை. அதற்கு மேலேதான் இப்போது தினமும் பதினான்கு பேரின் பெயர் வருகிறது.

போன வாரம் கான்சாபுரத்துக் கௌதம்ராஜைக் கூப்பிட்டேன். போன வருடம் ஓய்வுபெற்ற பையன். ஆஜர் என்றான், எல்லாரும் நல்லாருக்கோம்ணே என்றான். அந்தக் குரல் எனக்குத் தெரியும் அக்கா. ‘இங்கு அனைவரும் நலம்’ என்று உனக்கு எழுதினேனே, அதே குரல். அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய் அவன் தோட்டத்தில் உட்கார்ந்து, நீ கேட்டதைப்போலவே நேராகக் கேட்டேன். நேராகவே பதில் சொன்னான். இப்போது அதே டாக்டரிடம் போகிறான். அவனுடைய அப்பாவும் கூடவே வருகிறார்.

நேற்று எலினாவிடம் புதுப்பட்டிப் பெரியம்மாவைப் பற்றி முழுதாகச் சொன்னேன், 1999-லிருந்து. பொறுமையாகக் கேட்டாள். பிறகு, ‘இனிமே அந்தக் கதையெல்லாம் வேண்டாம். மூட்டுவலின்னா மூட்டுவலியா இருக்கணும். மத்தத எங்கிட்ட நேராச் சொல்லணும்’ என்றாள். சரி என்றேன்.

ஆகவே நேராகவே எழுதுகிறேன். இந்த மாதம் இரண்டு நாள் மோசமாக இருந்தது. எலினாவை எழுப்பிச் சொன்னேன். டாக்டரிடமும் சொன்னேன். மூன்றாம் நாள் தெளிந்துவிட்டது. மறுபடி வந்தால் மறுபடி சொல்வேன்.

இன்னொன்று. அண்ணன் வீட்டு மாடிப்படி ஏறினால் எனக்கு வலது முழங்கால் வலிக்கிறது. நிஜமாகவே வலிக்கிறது. தைலம் வாங்கி வை. சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன்.

அன்புத் தம்பி
எட்வின்